உங்களுக்குத் தெரியுமா? பரண் மேல் டியூனர், லேன் கேபிளில் கரண்ட்

டிவியில் செருக முடியாத டிவி பெட்டி

அமெரிக்காவில் கேபிள் கட்டணத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஆன்டெனா மாட்டி உள்ளூர் சேனல்களை ஓசியில் பார்க்கும் வீடுகள் ஏராளம். 2009 ஜூன் 12-ஆம் தேதி அங்கே பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அதனால் புள்ளி புள்ளியாக மழை பெய்யும் படமெல்லாம் பழைய கதை. இந்த ஆன்டெனாக்காரர்களை நம்பியே சிலிக்கான்டஸ்ட் என்ற கம்பெனி 'ஹெச்டிஹோம்ரன்' என்றொரு டியூனர் பெட்டியை விற்கிறது. அதில் ஆன்டெனா ஒயர் ஒரு பக்கம் போகும், லேன் கேபிள் ஒரு பக்கம் போகும், அப்புறம் அடாப்டர் பின். டிவிக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ துளையைத் தேடினால் கிடைக்காது. பெட்டி வீட்டு நெட்வொர்க்கில் ஏறிக்கொள்ளும். டிவியோ போனோ டேப்லெட்டோ, ஆப் எதில் இருக்கிறதோ அதில் படம் வரும்.

நியூஜெர்சியில் இருக்கிற என் அக்கா மகன் இந்தப் பெட்டியை வாங்கினான். ஆன்டெனாவைப் பரணில் கட்டிவிட்டு எனக்கு வீடியோ கால் போட்டான்.

"மாமா, பரண்ல ப்ளக் பாயின்ட்டே இல்ல. எலக்ட்ரீஷியன் கேக்கற காசுக்கு இன்னொரு டிவியே வாங்கிரலாம்."

"லேன் கேபிள் இழுத்துட்டியா?"

"அது இழுத்தாச்சு."

"அப்ப கரண்டும் இழுத்தாச்சு மாப்ளே."

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவனுக்குச் சொன்னதெல்லாம்தான் இந்த வாரப் பத்தி.

பரணுக்கே ஏன் போக வேண்டும்?

ஆன்டெனா ஒயரில் சிக்னல் போகப் போக இளைக்கும். வீடுகளில் ஓடும் ஆர்ஜி-6 கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 30 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 5 டெசிபெல் காலி. புறப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேரும் என்று அர்த்தம். நடுவில் இரண்டு அறைக்குப் பிரித்தால் அந்த மிச்சத்திலும் பாதி போச்சு. டிஜிட்டலில் இன்னொரு வம்பு: சிக்னல் குறையக் குறையப் படம் மங்காது. ஒரு எல்லை வரை பளிச்சென்று நிற்கும். எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துபோகும்.

டியூனரை ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்துவிட்டால் கோஆக்ஸ் என்கிற அந்த ஆன்டெனா ஒயர் ஒரு முழம் போதும். மீதித் தூரம் லேன் கேபிள். அதில் ஓடுவது வெறும் எண்கள். 10 மீட்டரிலும் 90 மீட்டரிலும் அதே எண்கள்தான் வந்து விழும்.

நாலு சேனல், ஒரே ஒயர்

அமெரிக்க ஒளிபரப்பில் ஓர் அலைவரிசைக்கு 6 மெகாஹெர்ட்ஸ் இடம். அதற்குள் அடைபடுவது வினாடிக்கு 19.39 மெகாபிட். நாலு டியூனர் உள்ள பெட்டி நாலையும் முழுசாக வாரிக் கொடுத்தாலும் 78 மெகாபிட்டைத் தொடாது. நாலு டியூனர் மாடல்கள் பலவற்றில் இருக்கும் 100 மெகாபிட் போர்ட்டே இதற்குப் போதும். கஞ்சத்தனம் என்று நானும் முதலில் திட்டினேன். கணக்குப் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

48-க்கு வயசு அதிகம்

இனி கரண்டுக்கு வருவோம். லேன் கேபிளில் ஏற்றும் மின்சாரம் 48 வோல்ட் ரகம். விதிப்படி 44 முதல் 57 வரை. இந்த எண் கம்ப்யூட்டர் உலகத்தில் பிறந்ததல்ல, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிறந்தது. 2 வோல்ட் லெட் ஆசிட் செல் 24-ஐ வரிசையாகக் கோத்தால் 48. ஊரே இருட்டில் கிடந்தாலும் லேண்ட்லைனில் டயல் டோன் கேட்டதே, அது எக்ஸ்சேஞ்சிலிருந்த அந்த பேட்டரி வரிசையின் புண்ணியம். பேச்சு போன அதே ஜோடிக் கம்பியில்தான் அந்தக் கரண்டும் வந்தது. லேன் கேபிளில் கரண்ட் ஏற்றும் தேவையும் முதலில் ஆபீஸ் மேஜை போன்களுக்காகத்தான் வந்தது: போன் எக்ஸ்சேஞ்ச் ஒயரை விட்டு நெட்வொர்க் ஒயருக்கு மாறியபோது, பழைய வசதியைக் கைவிட யாருக்கும் மனசு வரவில்லை. 2003-இல் ஐஇஇஇ அமைப்பு அதை விதியாக்கி 802.3ஏஎஃப் என்று பெயர் வைத்தது. 'பவர் ஓவர் ஈதர்நெட்', சுருக்கமாகப் பிஓஇ.

5 வோல்ட்டையே அனுப்பினால் என்ன?

மருமகன் கேட்ட நல்ல கேள்வி இது. டியூனருக்கு வேண்டியது 5 வோல்ட். அதை எதற்கு 48 ஆக்கி ஏற்றி, மறுபடி 5 ஆக்கி இறக்க வேண்டும்?

பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். பெட்டி 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், அதாவது 5 வாட். 100 மீட்டர் நல்ல கேபிளில் இரண்டு ஜோடி வழியாகப் போய்த் திரும்பும் பாதைக்கு விதி அனுமதிக்கும் தடை 12.5 ஓம் வரை. 1 ஆம்பியர் போனால் 12.5 வோல்ட் வழியிலேயே விழும். கையில் இருப்பதோ 5. பெட்டி கண்ணே திறக்காது. 30 மீட்டரிலேயே 3.75 வோல்ட் போய், 1.25 தான் மிஞ்சும்.

அதே 5 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் கரண்ட் 0.1 ஆம்பியர் சொச்சம். 100 மீட்டருக்கும் விழுவது 1.3 வோல்ட், 48-இல் அது தூசு. மின்வாரியம் ஊருக்கு வெளியே உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறக்குவதும் இதே கணக்குதான்.

அப்படியானால் இன்னும் ஏற்றி 200 வோல்ட் அனுப்பலாமே என்றால், கூடாது. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் தொட்டாலும் பெரிய ஆபத்தில்லாத வகையில் சேரும். சுவருக்குள் குழாய் பதித்து வயரிங் செய்யும் கெடுபிடியும் இல்லை. 57 என்று மேல் எல்லை வைத்தது சும்மா இல்லை.

15.4 கொடுத்தால் 12.95

பிஓஇ பெட்டிகளின் அட்டையில் இந்த இரண்டு விநோத எண்களைப் பார்த்திருக்கலாம். 44 வோல்ட், 0.35 ஆம்பியர்: பெருக்கினால் 15.4 வாட். இது புறப்படும் இடத்துக் கணக்கு. மோசமான கேபிளில் 20 ஓம் தடை என்று கொண்டால் 7 வோல்ட் வழியில் போகும், மிச்சம் 37. அதை 0.35-ஆல் பெருக்கினால் 12.95. இது சேரும் இடத்துக் கணக்கு. நடுவில் காணாமல் போன 2.45 வாட் சுவருக்குள் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

2009-இல் வந்த அடுத்த விதி 30 வாட்டுக்குப் போனது, 2018-இல் வந்தது 90 வரை. டியூனருக்கு இதெல்லாம் வேண்டாம். அதோடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் 10 வாட்தான் உச்சம். 2003-ஆம் வருட விதியே தாராளம்.

கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும்

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிஓஇ கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் எந்த லேன் பின்னைச் செருகினாலும் உடனே 48 வோல்ட் பாயாது. முதலில் 2.7 முதல் 10 வோல்ட் வரையிலான சின்ன மின்னழுத்தத்தை விட்டு அந்தப் பக்கம் ஆள் யார் என்று தட்டிப் பார்க்கும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, வெவ்வேறு அளவில். அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் தடை ஒன்று உட்கார்ந்திருந்தால் 'நம்ம ஆள்' என்று அர்த்தம். லேப்டாப்பையோ பிரிண்டரையோ செருகினால் அந்தத் தடை இருக்காது; ஸ்விட்ச் கரண்ட் பேச்சையே எடுக்காமல் டேட்டாவை மட்டும் ஓட்டும்.

ஆள் சரி என்று தெரிந்ததும் அடுத்த விசாரிப்பு: எவ்வளவு சாப்பிடுவாய்? 15.5 முதல் 20.5 வோல்ட் வரை ஏற்றி, அந்தப் பக்கம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து வகுப்புப் பிரிக்கும். முதல் வகுப்புக்கு 3.84 வாட், இரண்டாவதுக்கு 6.49, மூன்றாவதுக்கு 12.95. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முழு வோல்ட்டேஜ். மனிதக் கண்ணுக்கு இதெல்லாம் செருகினோம், லைட் எரிந்தது என்ற அளவில்தான் தெரியும்.

கொடுக்க ஆரம்பித்த பிறகும் கண்காணிப்பு உண்டு. இழுக்கும் கரண்ட் 10 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கீழே விழுந்து அரை வினாடிகூட ஆகாது, ஆள் கிளம்பிவிட்டார் என்று முடிவு கட்டி விநியோகத்தை நிறுத்திவிடும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து தட்டிப் பார்க்கும்.

கேட்காமல் கொடுக்கும் ரகமும் உண்டு

'பேசிவ் பிஓஇ' என்று 24 வோல்ட் இன்ஜெக்டர்கள், அதாவது லேன் கேபிளில் கரண்ட் ஏற்றும் பெட்டிகள், சந்தையில் மலிவாகக் கிடைக்கும். மொட்டைமாடி வைஃபை பெட்டிகளோடு வரும். விசாரணை கிடையாது, விருந்து மட்டும்தான்: செருகிய கணத்தில் 24 வோல்ட் கம்பியில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்கு வந்த லேன் பின்னைப் பழைய பிரிண்டரில் செருகினேன். மறுமுனை இந்த மாதிரி இன்ஜெக்டரில் இருந்தது. பழைய 100 மெகாபிட் சாதனங்களில் பயன்படாத நாலு கம்பியையும் ஜோடிக்கு ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மொத்தம் 150 ஓம், குறுக்கே 24 வோல்ட்: கிட்டத்தட்ட 4 வாட். கடுகு அளவு ரெசிஸ்டர்கள் அதை எத்தனை வினாடி தாங்கும்? முதலில் மீன் கருகிய மாதிரி வாசனை, அப்புறம் மெல்லிய புகை. இன்றும் அது பிரிண்ட் எடுக்கும், யுஎஸ்பியில் மட்டும்.

எந்தக் கம்பியில் போகிறது?

லேன் பின்னைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். கரண்ட் ஏற்ற இரண்டு வழி. ஒன்று, சும்மா கிடக்கிற ஜோடிகளில் ஏற்றுவது: நீலத்தில் பிளஸ், பழுப்பில் மைனஸ். இன்னொன்று, டேட்டா ஓடுகிற ஜோடிகளிலேயே ஏற்றுவது. விதிப்படி செய்த வாங்கும் பெட்டி இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டேட்டா ஓடும் கம்பியிலேயே கரண்ட்டும் ஓடினால் இரண்டும் முட்டிக்கொள்ளாதா? கொள்ளாது. டேட்டா என்பது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். கரண்ட்டை இரண்டு கம்பியிலும் சமமாக ஏற்றினால் வித்தியாசம் மாறாது. லேன் போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மரின் நடுமுனையில் ஊசி போடுவதுபோல ஏற்றி, அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் நடுமுனையிலிருந்து உறிஞ்சிக்கொள்வார்கள். பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் கண்டென்சர் மைக்குக்கு 'பேண்டம் பவர்' என்று கொடுப்பதும் இதே தந்திரம்தான். அதுவும் 48 வோல்ட்தான்.

நம்ம ஊர் மொட்டைமாடியில் என்றோ வந்துவிட்டது

டிஷ் ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற மூக்குக்குத் தனி ப்ளக் பார்த்திருக்கிறீர்களா? செட்டாப் பாக்ஸ் அதே கோஆக்ஸ் வழியாகத்தான் அதற்குக் கரண்ட் அனுப்புகிறது. அதிலும் ஒரு சாமர்த்தியம்: 13 வோல்ட் அனுப்பினால் 'செங்குத்து அலையைப் பிடி' என்று உத்தரவு, 18 அனுப்பினால் 'கிடைமட்ட அலையைப் பிடி'. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் ரீங்காரம் சேர்த்தால் 'மேல் அலைவரிசைக்குத் தாவு'. சாப்பாடும் உத்தரவும் ஒரே தட்டில்.

அதற்கும் முன்னால் பூஸ்டர். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி டிவி தொடங்கியது. 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகல மலையிலிருந்து அது வீசிய அலை கடல் தாண்டி வந்தது. தூர்தர்ஷன் சரியாக எட்டாத தென் மாவட்டங்களில் இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, உச்சியில் ஆன்டெனாவும் அதன் கழுத்தில் பூஸ்டரும் கட்டினார்கள். டிவி பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். பூஸ்டர் அதுதான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருப்போம். அது வெறும் பவர் சப்ளை. நிஜ பூஸ்டர் குழாய் உச்சியில். சிக்னல் இறங்கி வந்த அதே ஒயரில்தான் கரண்ட் ஏறிப் போயிற்று.

நெட்வொர்க்கிலும் இது புதுசல்ல

1980-களின் ஈதர்நெட் விரல் தடிமன் கோஆக்ஸ் கேபிளில் ஓடியது. அந்தக் கேபிளைக் கடித்துக்கொண்டிருக்கும் டிரான்ஸீவர் பெட்டிக்கு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் 15 பின் ஒயரே 12 வோல்ட்டும் கொண்டுவந்து கொடுத்தது.

இரண்டு ஸ்பிளிட்டர், குழப்பிக்கொள்ள வேண்டாம்

ஆன்டெனா ஒயரைப் பிரிப்பதும் ஸ்பிளிட்டர்தான், லேன் கேபிளிலிருந்து கரண்ட்டைப் பிரிப்பதும் ஸ்பிளிட்டர்தான். நமக்கு வேண்டியது இரண்டாவது. டியூனருக்குப் பிஓஇ தெரியாது. அதன் சார்பில் இந்தக் கட்டைவிரல் நீளப் பெட்டி 25 கிலோ ஓம் தடையைக் காட்டி, 48 வாங்கி, 5-ஆகவோ 12-ஆகவோ இறக்கி அடாப்டர் பின்னில் கொடுக்கும். டேட்டாவைத் தனி லேன் பின்னில் விட்டுவிடும். கீழே பிஓஇ ஸ்விட்ச் இல்லையா? ரவுட்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் ஓர் இன்ஜெக்டர் வைத்தால் போதும்.

மருமகன் வாங்கிய ஸ்பிளிட்டரின் வயிற்றில் நகத்தால் தள்ளும் குட்டி சுவிட்ச் ஒன்று: 5, 9, 12. கடையிலிருந்து வந்தபோது 12-இல் இருந்தது. அவன் பெட்டிக்கு வேண்டியது 5. கேமராவை அதன் மேலேயே காட்டச் சொன்னதால் தப்பித்தோம். பின்னையும் கவனிக்க வேண்டும்: வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொதுவானது, உள் ஓட்டை 2.1 ஒரு ரகம், 2.5 ஒரு ரகம். மாறினால் போகாது, அல்லது போய் ஆடும். ஆடுவதுதான் மோசம், பெட்டி நினைத்த நேரத்தில் அணைந்து எழும், நாம் ஆன்டெனாவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கேபிளைச் சுரண்டிப் பாருங்கள்

சிசிஏ என்று விற்பது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. டேட்டா ஓடும்; கரண்ட் ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும். அலுமினியம் கடத்தும் திறன் செம்பில் 61 சதவீதம்தான். சென்னை ரிச்சி தெருவானாலும் நியூஜெர்சியானாலும் சோதனை ஒன்றே: கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளி நிறம் பல்லை இளித்தால் சுருட்டித் திருப்பிக் கொடுங்கள்.

மலிவு ஸ்பிளிட்டரின் இரண்டு திருட்டு

முதல் திருட்டு தனிமைப்படுத்தலில். விதிப்படி, லேன் கம்பியின் மின்சாரத்துக்கும் நாம் தொடக்கூடிய உலோகத்துக்கும் நடுவே 1,500 வோல்ட் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும். டியூனரில் இது முக்கியம், ஏனென்றால் அதன் கோஆக்ஸ் முனை வெறும் உலோகம். அமெரிக்க மின்விதிப்படி வெளி ஆன்டெனாவின் ஒயரை எர்த்தோடு கட்டியிருப்பார்கள். உள்ளே டிரான்ஸ்பார்மர் வைக்காமல் காசு மிச்சம் பிடித்த ஸ்பிளிட்டரில் 48 வோல்ட்டின் மைனஸ் நேராக எர்த்துக்கு வழி தேடிக்கொள்ளும். அட்டையில் 'ஐசொலேட்டட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, சத்தம். 48-ஐ 5 ஆக்கும் சர்க்யூட் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகும். கவசம் சரியில்லை என்றால் அந்த இரைச்சல் ஆன்டெனாவுக்கே ஏறும். அமெரிக்காவில் 7 முதல் 13 வரையுள்ள விஎச்எஃப் சேனல்கள் 174–216 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. அடி முதலில் விழுவது அங்கேதான். மருமகன் வீட்டில் யுஎச்எஃப் சேனல் அத்தனையும் கண்ணாடி மாதிரி, ஒரே ஒரு விஎச்எஃப் சேனல் மட்டும் உடைந்தது. ஸ்பிளிட்டரை ஆன்டெனாவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒயரில் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டியதும் அடங்கியது.

கோடையில் பரண்

ஓடு சுட்டால் பரண் அடுப்பு. அமெரிக்கப் பரண்கள் வெயில் காலத்தில் 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். பெட்டியைக் கூரைக்கு ஒட்டி மாட்டாமல், ஏணி ஏறும் வாய்க்குப் பக்கத்தில் தாழ வையுங்கள். கோஆக்ஸ் இரண்டு மீட்டர் நீண்டால் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை.

ஏணி வேண்டாம்

எல்லா டியூனரும் என்றாவது ஒருநாள் முறைத்துக்கொண்டு நிற்கும். பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும். பிடுங்குவதற்குப் பரண் ஏற வேண்டும். நிர்வகிக்கக்கூடிய பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் அந்த ஒரு போர்ட்டின் கரண்ட்டை மட்டும் அணைத்துப் போடலாம். அதே ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டினால், கீழே விளக்கு போனாலும் மேலே டியூனர் ஓடும். பனிப்புயல் நேரத்தில் லேப்டாப்பில் உள்ளூர்ச் செய்தி வரும்.

ஜனவரியில் ஒரு ராத்திரி மருமகன் போர்வைக்குள் இருந்தபடியே போனில் போர்ட்டை அணைத்தான். பத்து எண்ணி மறுபடி போட்டான். டியூனரோடு வந்த அடாப்டர் இன்னும் உறை பிரிக்காமல் என் அக்காவின் மேஜை டிராயரில், டார்ச் லைட்டுக்கும் தையல் டப்பாவுக்கும் நடுவில் கிடக்கிறது.